நோன்பில் மிஞ்சியது அந்த வாரமே போய்ச் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் பிறந்ததும் நாளிதழ்களில் கேக், நட்சத்திரம், குடில் பற்றிய செய்திகள் வரத் தொடங்கும். அவற்றைப் பார்த்து மகிழ்கிறோம். ஆனால் திருச்சபையின் நாட்காட்டிப்படி அந்த நாட்கள் கிறிஸ்துமஸ் காலம் அல்ல. டிசம்பர் 24 மாலை வரை அது திருவருகைக் காலம், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையினர் அட்வெந்து என்பார்கள். கிறிஸ்து பிறந்ததை நினைத்து ஆயத்தப்படவும், அவர் மீண்டும் வருவதற்குக் காத்திருக்கவும் கொடுக்கப்பட்ட நான்கு ஞாயிறுகள். அந்த நான்கும் கண்ணில் படாமலே கடந்துபோகின்றன. குமரி மாவட்டக் கத்தோலிக்கப் பங்குகளில் வழிபாட்டுக் குழுக்களிலும், அன்பியங்கள் என்னும் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களிலும் பொறுப்பில் இருக்கும் நாங்கள், பங்குப் பேரவைகள் டிசம்பருக்குத் திட்டம் போடும் இந்நேரத்தில் இதை எழுதுகிறோம்.

சொல்ல வருவது ஒன்றுதான். வழிபாட்டைப் பாடற்குழுவிடமும், உதவியை வின்சென்ட் தே பவுல் சபையிடமும் விட்டுவிட்டு, நோன்பை அவரவர் விருப்பம் என்று ஒதுக்கி வைக்கிறோம். மூன்றும் ஒரே வேலை. ஞாயிறன்று மெழுகுதிரி ஏற்றுகிறோம். புதனும் வெள்ளியும் நோன்பு இருக்கிறோம். அதில் மிஞ்சியதை அடுத்த ஞாயிறு காணிக்கைப் பவனியில் பீடத்துக்குக் கொண்டு போகிறோம். திங்கட்கிழமை அது ஒரு வீட்டின் அடுப்படிக்குப் போய்ச் சேர வேண்டும். இப்படி வாரத்துக்கு ஒரு சுற்று. டிசம்பர் 24 வரை சேர்த்து வைத்து, கடைசி நாளில் வரிசையில் நிறுத்திச் சேலையும் கேக்கும் கொடுக்கிற வழக்கத்தை விட்டுவிடலாம் என்கிறோம்.

வாரா வாரம் ஏன்? மழையினால்தான். குமரியிலும் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் திருவருகைக் காலமும் வருகிறது. மரம் நனைந்தால் ரப்பர் பால்வெட்டு நடக்காது. வெட்டினாலும் பால் மழைநீரோடு ஓடிவிடும். மழைக்காப்பு கட்டாத தோட்டங்களில் தொழிலாளிக்கு வாரக் கணக்கில் கூலி இல்லை. உப்பளங்களில் உற்பத்தி நின்றுவிடும். கடலில் காற்று எச்சரிக்கை வந்தால் வள்ளம் கரையேறிவிடும். சித்தாள், கொத்தனார் வேலையும் அப்படித்தான். நவம்பர் கடைசியில் கடன் வாங்கிய வீட்டுக்கு டிசம்பர் 24 வெகு தூரம். 2017இல் ஓகி புயல் வீசியது நவம்பர் 30. திருவருகைக் கால முதல் ஞாயிறு டிசம்பர் 3. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் கடலுக்குப் போனவர்களைத் தேடிக் கொண்டிருந்த வாரம் அது. 2015இல் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது முதல் வாரத்தில். 2023 டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியது மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை. தேவை நம் விழா நாளைப் பார்த்து வருவதில்லை.

இந்த ஆண்டு நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறே முதல் ஞாயிறு. 2026இல் அது நவம்பர் 29. அடுத்தவை டிசம்பர் 6, 13, 20. கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருவதால் நான்காம் வாரத்துக்கு ஐந்தே நாட்கள். மொத்தம் 26 நாட்கள். எல்லா ஆண்டும் இப்படி வராது. கிறிஸ்துமஸ் ஞாயிறு வந்தால் 28 நாள் கிடைக்கும். 2023இல் வந்ததுபோல் திங்கட்கிழமை வந்தால் 22 நாள்தான், நான்காம் ஞாயிறே 24ஆம் தேதி. 'போன வருடம் செய்தபடியே' என்று பட்டியல் போடும் பங்குகள் இங்குதான் தடுமாறுகின்றன. குமரியில் இன்னொன்றும் உண்டு. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா முடியும் டிசம்பர் 3 முதல் வாரத்துக்குள் வருகிறது. மாவட்டமே விழாக்கோலத்தில் இருக்கும். அன்று வெண்ணிற உடை, வானவர் கீதம், எல்லாம் சரி. அமல அன்னை பெருவிழாவான டிசம்பர் 8உம் அவ்வாறே. ஆனால் 4ஆம் தேதியும் 9ஆம் தேதியும் திருவருகைக் கால நிறமான ஊதாவுக்குத் திரும்ப வேண்டும். தோரணத்தைக் கழற்றச் சோம்பி, கிறிஸ்துமஸ் வரை இருக்கட்டும் என்று விடுகிறார்கள். பிறகு 24 இரவு ஆலயத்தில் புதிதாக மாறுவதற்கு எதுவும் இருப்பதில்லை.

நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு மெழுகுதிரி வைக்கும் திருவருகை வளையம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1839இல் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் நடத்திய லுத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிக் விஹெர்ன், 'கிறிஸ்துமஸ் எப்போது' என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தி நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி, மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரி. இன்று பெரும்பாலும் நான்கு திரியோடு நிறுத்திக் கொள்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த பொருள் இது; ஆயிரக்கணக்கில் செலவழித்து அலங்காரக் கடையில் வாங்க வேண்டியதில்லை.

ஆலயத்துக்கு 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் கம்பி வளையம் போதும். சவுக்குக் கொத்து, மாவிலை, குருத்தோலைப் பின்னல் என எது கிடைத்தாலும் கட்டலாம். சனிக்கிழமைதோறும் இலையை மாற்ற வேண்டும். காய்ந்த சவுக்கு தீக்குச்சிக்குச் சமம். பிளாஸ்டிக் இலை வேண்டவே வேண்டாம்; உருகிச் சொட்டும், தீயும் பற்றும். திரியின் தடிமனைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். ஞாயிறு இரண்டு திருப்பலி, மற்ற நாட்களில் அரைமணி நேரத் திருப்பலி என்றால் முதல் திரி மட்டும் ஏறக்குறைய 19 மணி நேரம் எரிய வேண்டும். விரல் தடிமன் திரி இரண்டாம் வாரமே தீர்ந்துவிடும். 5 சென்டிமீட்டர் விட்டம், 20 சென்டிமீட்டர் உயரம் உள்ளது தாங்கும். மின்விசிறிக் காற்றில் திரி ஒருபக்கமாக வழிந்து குழிவிழும். விசிறியை நிறுத்த முடியாவிட்டால் கண்ணாடிக் குழல் வையுங்கள். ஊதாத் திரி மூன்றும் இளஞ்சிவப்பு ஒன்றும் கிடைக்காத ஊரில் நான்கு வெள்ளைத் திரிக்கு அடியில் நிற நாடா கட்டலாம். நாடா அடிப்பாகத்தில்தான் இருக்க வேண்டும்; பாதி உயரத்தில் கட்டி, சுடர் இறங்கியதும் எரிந்த கதைகள் உண்டு. வளையத்தைப் பீடத்தின் மேல் வைக்கக் கூடாது, வாசகமேடையை மறைக்கவும் கூடாது. ஏற்றும்போது பழைய திரியை முதலில், அந்த வாரத்துத் திரியைக் கடைசியில். முதல் திரி குட்டையாகவும் நான்காவது உயரமாகவும் நிற்கும் அந்தச் சாய்வே வாரங்களை எண்ணிக் காட்டும். 'அழகாக இல்லை' என்று முதல் திரியை இடையில் மாற்றிவிடாதீர்கள்.

வீட்டுக்கு இன்னும் எளிது. ஒரு தாம்பாளத்தில் நான்கு அகல், தேங்காய் எண்ணெய், பஞ்சுத் திரி. கால்மணி நேர ஜெபத்துக்கு அகலுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் தாராளம். வீட்டில் இளையவர் ஏற்றட்டும். ஞாயிறு நற்செய்தியை வாசிக்கத் தெரிந்த யாராவது வாசிக்கட்டும்.

திருப்பலியில் அடிக்கடி நடக்கும் தவறுகளைச் சொல்ல வேண்டும். திருவருகைக் கால ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்னும் வானவர் கீதம் பாடுவதில்லை. அது வானதூதர் கிறிஸ்து பிறந்த இரவில் பாடிய பாட்டு, அந்த இரவுக்காகக் காத்திருக்கிறது. ஆனால் அல்லேலூயா உண்டு. ஊதா நிறத்தைப் பார்த்துத் தவக்காலம் என்று நினைத்து அல்லேலூயாவையும் விட்டுவிடும் பாடற்குழுக்கள் இருக்கின்றன. பூவும் இசைக்கருவியும் தவக்காலத்தில்போல் விலக்கப்பட்டவை அல்ல. அளவோடு இருக்கலாம், பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே காட்டிவிடக் கூடாது என்பதே விதி. ஆகவே பீடத்தருகே ஒரு பூச்சாடி போதும்; கீபோர்டில் தாளப்பெட்டியை அணைத்துவிட்டு ராகத்தை மட்டும் வாசியுங்கள். பிறப்புப் பாடல்களை முதல் ஞாயிறே தொடங்குவது பெரிய இழப்பு. நற்செய்தி வேறொன்றைச் சொல்லும்போது பாட்டு தொழுவத்தில் நிற்கிறது. முதல் ஞாயிறு வாசகம் விழித்திருங்கள் என்கிறது. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வந்து நிற்கிறார். நான்காம் ஞாயிறுதான் மரியாவும் யோசேப்பும் வருகிறார்கள். இவ்வாண்டு கபிரியேல் தூதுரைத்த லூக்கா நற்செய்திப் பகுதி. பாடல்களும் அந்த வரிசையில் போகட்டும். மூன்றாம் ஞாயிறு இளஞ்சிவப்பு உடை அணியலாம் என்பது அனுமதி, கட்டாயம் அல்ல. அதற்காகப் புது உடை தைக்கும் பணத்துக்கு நான்கு வீட்டில் அடுப்பு எரியும்.

டிசம்பர் 17 முதல் 23 வரை மாலை மன்றாட்டில் மரியாவின் பாடலுக்கு முன் வரும் ஏழு பழைய விளிப்புகளை அன்பியங்களுக்குக் கொண்டு போகலாம்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களின் அரசே, இம்மானுவேலே. லத்தீனில் இவற்றின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் 'ஏரோ கிராஸ்' என்று வரும். 'நாளை நான் இருப்பேன்' என்று பொருள். நாளுக்கு ஒரு வீடு, ஒரு விளிப்பு, ஒரு வாசகம், இருபது நிமிடம். தேநீர் மட்டும். பலகாரம் வைக்கத் தொடங்கினால் மூன்றாம் வீட்டுக்கு அது போட்டியாகிவிடும், இல்லாத வீடு அழைக்கவே தயங்கும்.

மார்கழி விடியலில் மெழுகுதிரி ஒளியில் திருப்பலி வைக்கும் எண்ணம் நல்லது. ஆனால் மலையோரப் பங்கில் அது பால்வெட்டு நேரம், கடற்கரையில் வள்ளம் போகும் நேரம். அங்கெல்லாம் விடியலில் வைத்தால் உழைக்கும் பாதிப் பேர் வர முடியாது. அந்தி சாய்ந்தபின் விளக்கணைத்து வைத்தால் பொருள் எதுவும் குறையாது.

இனி நோன்பு. இதில்தான் குழப்பம் அதிகம். லத்தீன் வழிபாட்டு முறையில் திருவருகைக் காலத்துக்கெனக் கட்டாய நோன்பு இப்போது இல்லை. வெள்ளிக்கிழமைத் தவம் மட்டும் ஆண்டு முழுவதும் உண்டு. திருவருகைக் கால நோன்பு முன்பு இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் பெர்பெத்துவஸ் நவம்பர் 11 மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரம் மூன்று நாள் நோன்பு வைத்தார். அதே நூற்றாண்டில் ரோமையில் திருத்தந்தை பெரிய லியோ டிசம்பர் நோன்பு பற்றி ஆற்றிய மறையுரைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் நோன்பையும் ஏழைக்குக் கொடுப்பதையும் அவர் சேர்த்தே பேசுகிறார். கீழைச் சபைகளில் வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. டிசம்பர் 1 முதல் 25 வரை சிரியன் மரபினர் இருபத்தைந்து நோன்பு இருக்கிறார்கள். இறைச்சி, மீன், முட்டை இல்லை, பாலையும் விடுவோர் உண்டு. தக்கலை சீரோ மலபார் மறைமாவட்டமும் மார்த்தாண்டம் மலங்கரை மறைமாவட்டமும் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரே தெருவில் ஒரு வீட்டில் நோன்பும் அடுத்த வீட்டில் முதல் வாரமே கேக் வெட்டும் நடப்பதைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டிடம் கற்றுக் கொள்ள வெட்கப்பட வேண்டாம்.

லத்தீன் பங்குகளுக்கு நாங்கள் முன்வைப்பது ஏழு நாள்: டிசம்பர் 2, 4, 9, 11, 16, 18, 23. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை எளிய உணவு, இறைச்சி இல்லை. பெரும்பாலும் தவறிப்போவது எங்கே தெரியுமா? மதியம் குழம்பை விட்டுவிட்டு இரவு பரோட்டாக் கடைக்குப் போவதில். இறைச்சிக்குப் பதில் அதைவிட விலை கூடிய பன்னீர் வாங்குவதில். அலுவலக விருந்து வெள்ளிக்கிழமை வந்தால் நோன்பை மறந்துவிடுவதில். அன்று முடியாவிட்டால் சனிக்கிழமை இருங்கள், விட்டுவிட வேண்டாம். இன்சுலின் போடுவோரும் சர்க்கரை மாத்திரை எடுப்போரும் வேளை தவறக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கருவுற்றோர், பாலூட்டுவோர், சிறுபிள்ளைகள், கடலுக்கும் பால்வெட்டுக்கும் போகிறவர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. அவர்கள் கடைத் தேநீரையோ, இனிப்பையோ, இரவுத் தொடரையோ விடலாம்.

மீன் பற்றி ஒரு வார்த்தை. லத்தீன் முறையில் சுத்தபோசனத்துக்கு, அதாவது இறைச்சி தவிர்க்கும் நாளின் உணவுக்கு, மீன் விலக்கல்ல. கடற்கரைப் பங்கு முழுவதும் ஏழு நாள் மீனை ஒதுக்கினால் நட்டம் சுமட்டுச் சட்டியில் மீன் விற்கும் பெண்களுக்குத்தான். அங்கே மீன் எளியவர் சோறு. மத்தி என்கிற சாளையை வாங்கிச் சாப்பிடுங்கள். நெய்மீனையும் கோழியையும் விடுங்கள்.

வெள்ளி மாலைத் திருப்பலிக்குப்பின் பங்கில் எல்லோரும் சேர்ந்து கஞ்சி குடிப்பது நல்ல தொடக்கம். நூறு பேருக்கு 6 கிலோ புழுங்கல் அரிசி, 3 கிலோ சிறுபயறு, ஐந்து தேங்காய், துவையலுக்கு வற்றல் மிளகாயும் புளியும். பயறை நான்கு மணி நேரம் ஊறவைத்து, வெந்தபின் உப்புப் போட வேண்டும். முன்பே போட்டால் வேக நேரமாகும். அரிசிக்கு எட்டு மடங்கு தண்ணீர். ஏழரைக்குள் பரிமாறி முடித்துவிடுங்கள். மூடிய அண்டாவில் மிஞ்சிய கஞ்சி காலைக்குள் புளித்துவிடும், ஆகவே கேட்ட அளவே ஊற்றுங்கள். அப்பளம், ஊறுகாய், கடைசியில் பாயசம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து இரண்டாம் வாரமே விருந்தாகிப்போன இடங்கள் உண்டு. முதல் நாளே 'கஞ்சி, பயறு, துவையல் மட்டும்' என்று அறிவித்துவிட வேண்டும். வாசலில் மூடிய பெட்டி ஒன்று. வழக்கமாக இரவுச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவுக்கும் கஞ்சிச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை அதில் போடுவார்கள். எவ்வளவு என்று யாரும் பார்க்கக் கூடாது. இல்லாதவர் கஞ்சி குடித்துவிட்டுச் சும்மா போகலாம், அவருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கஞ்சி.

வீட்டுக் கணக்கும் இப்படித்தான். ஒரு குடும்பம் நோன்பு நாளில் 200 ரூபாய் குறைத்தால் ஏழு நாளில் 1,400 ரூபாய். அன்றன்று ஓர் உறையில் போட வேண்டும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துப் போடலாம் என்று விட்டால் அந்தப் பணம் வேறெதற்கோ போயிருக்கும். உறையில் பெயர் எழுத வேண்டாம். டிசம்பர் 6, 13, 20 காணிக்கைப் பவனியில் அப்பத்தோடும் இரசத்தோடும் இந்த உறைகள் ஒரு கூடையில் போகட்டும். 23ஆம் தேதி உறை 24 இரவுத் திருப்பலிக்கு.

பிடி அரிசி நம் சபைகளுக்குப் புதிதல்ல. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடும் வழக்கம் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பழையது. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதையே ஒரு திருச்சபை அமைப்பாக நடத்துகிறார்கள். ஒரு பிடி சுமார் 40 கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் 26 நாளில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 300 குடும்பத்தில் 300 கிலோ தாண்டும். கெடுவது சேகரிப்பில். சிவப்பு மட்டை அரிசி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி எல்லாம் ஒரே சாக்கில் கொட்டினால் வாங்குகிறவர் அதைச் சமைக்க முடியாது. ஒன்று குழையும்போது மற்றது வேகாமல் நிற்கும். புழுங்கல் மட்டும் என்று சொல்லுங்கள், அல்லது மூன்று பீப்பாய் வையுங்கள். மழைக்காலத்தில் சாக்கை வெறும் தரையில் வைத்தால் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். பலகைமேல் மூடியுள்ள பீப்பாயில் வையுங்கள். வண்டு வராமல் காய்ந்த வேப்பிலை, வற்றல் மிளகாய் போடலாம். வாரா வாரம் கொடுத்துவிட்டால் வண்டுக்கு நேரமே இருக்காது.

யாருக்குக் கொடுப்பது என்பதை அன்பியத்துக்கு மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். பட்டியல் அவர்களையும் பங்குத்தந்தையையும் தாண்டிப் போகக் கூடாது. ஆலயத்துக்கு வராதவர், பங்கு வரி கட்டாதவர், வேறு மதத்தவர் என்று எவரையும் தள்ளாதீர்கள். மழையில் வேலை இழந்தவர், மருத்துவமனையில் ஆள் கிடப்பவர், தனியாக வாழும் முதியவர், வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்பு, இவ்வளவையும் நடந்துபோய்ப் பார்த்தால்தான் தெரியும். பொருளைவிடப் பணம் நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. மருந்துக் கடைக் கடனோ வட்டியோ இருக்கிற வீட்டில் நான்காவது சேலை எதற்கு? உடைதான் கொடுப்பதென்றால் அளவு கேட்டு வாங்குங்கள். தையல்காரரிடம் கொடுக்க வேண்டியதை டிசம்பர் 10க்குள் கொடுங்கள், பிறகு அவர் வாங்கமாட்டார். கொண்டு போகிறவர் இருவர், இருட்டியபின், பை இல்லாமல். புகைப்படம் கூடாது. மத்தேயு 6ஆம் அதிகாரம் நோன்பையும் தர்மத்தையும் மறைவாகச் செய்யச் சொல்வதை மேடையில் வாசித்துவிட்டு, கீழே இறங்கி வரிசை நிறுத்திப் படம் எடுப்பது எங்களுக்கு மனவருத்தம் தருகிறது.

வீடு வீடாகப் பாடிச் செல்லும் கேரல் ரவுண்ட்ஸ் டிசம்பர் முதல் வாரமே புறப்படுகிறது. அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள தெருவில் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் வேண்டாம். இரவு 10 மணிக்குமேல் சட்டப்படியும் கூடாது. 18 முதல் 22 வரை ஐந்து இரவு போதும். 300 குடும்பத்துக்கு இரவுக்கு 60 வீடு. இரண்டு குழுவாகப் பிரிந்தால் குழுவுக்கு 30. வீட்டுக்கு மூன்று நிமிடமும் நடக்கும் நேரமும் சேர்த்து ஆறரைக்குப் புறப்பட்டால் ஒன்பதுக்குள் முடியும். ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு டிரம்மும் குரலும் இருந்தால் வீட்டுக்காரரும் சேர்ந்து பாடுவார். வேன், உடை, தேநீர்ச் செலவுக்கு முன்கூட்டியே தனி நன்கொடையாளர் பார்த்துக் கொள்ளுங்கள். வீடுகளில் விழும் காசு முழுதும் ஏழைகளுக்கு என்று வாசலில் சொல்லிக் கேட்டால், சொன்னபடி போக வேண்டும். பெட்டி முத்திரையிட்டிருக்க வேண்டும், அன்றிரவே மூவர் முன் எண்ணி, இருவர் கையெழுத்திட வேண்டும். மறுநாள் எண்ணலாம் என்று வீட்டுக்குக் கொண்டு போன பெட்டியால் நல்ல இளைஞர்கள் மேல் வீண் பழி விழுந்திருக்கிறது.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தையும் 24ஆம் தேதிக்குத் தள்ளாதீர்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு குரு மூன்று மணி நேரத்தில் 36 பேரைத்தான் கேட்க முடியும். 7ஆம் தேதி வாரத்திலிருந்து புதனும் சனியும் மாலை ஒரு மணி நேரம் வைத்து, 15 அல்லது 17ஆம் தேதி பக்கத்துப் பங்குக் குருக்களை அழைத்துப் பொது ஒப்புரவு வழிபாடு வையுங்கள். குடிலில் தீவனத் தொட்டி 24 இரவு வரை வெறுமையாக இருக்கட்டும். மறைக்கல்விப் பிள்ளைகள் செய்த ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் இழையை அதில் இடலாம், பெயர் எழுதாமல். வைக்கோலை வெயிலில் நன்றாக உலர்த்தி, சீரியல் பல்பு அதைத் தொடாதபடி கட்டி, இரவு பூட்டும்போது மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.

தங்கள் நாளிதழுக்கு இரண்டு வேண்டுகோள். நவம்பர் 28 முதல் நான்கு சனிக்கிழமைகளில், அடுத்த நாள் ஞாயிறு வாசகத்தின் அதிகாரத்தையும் வசன எண்ணையும் ஒரு மூலையில் வெளியிட்டால் வீடுகளில் அகல் ஏற்றுவோருக்குப் பயன்படும்.  கிறிஸ்துமஸ் சிறப்புப் பக்கங்களை 25ஆம் தேதியோடு நிறுத்திவிடாமல் அதன்பிறகும் தொடருங்கள். கிறிஸ்து பிறப்புக் காலம் அன்றுதான் தொடங்குகிறது. 2027 ஜனவரி 10 ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீளும். குடில் படங்களுக்கு அதுவே உரிய நாட்கள். நோன்புக் காணிக்கை எவ்வளவு வந்தது, எத்தனை வீட்டுக்குப் போனது என்ற கணக்கை, பெயர்கள் இல்லாமல், அந்த ஜனவரி 10 திருப்பலியில் வாசிக்கும்படி பங்குப் பேரவைகளைக் கேட்டுக் கொள்கிறோம்.

இப்படிக்கு,
பங்கு வழிபாட்டுக் குழு, அன்பியப் பொறுப்பாளர்கள் சிலர்,
கன்னியாகுமரி மாவட்டம்.